பெயர் மறைந்தது, கேள்வி நின்றது
ஆரோரா பயோசயின்சஸ்: ஒரு நிறுவன வரலாறு

விழா மலர் என்றால் அதில் நிறுவன வரலாறு ஒன்று கட்டாயம் இருக்கும். நிறுவனர் படம், அடிக்கல் நாட்டிய நாள், முதல் ஆண்டில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை, புரவலர்களுக்கு நன்றி என்று அது வழக்கமான தடத்தில் போகும். இங்கே எழுதப்படுவது பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்ட ஒரு நிறுவனத்தின் வரலாறு. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், டோரி பைன்ஸ் மேட்டில், 1990களின் நடுவில் தொடங்கிய ஆரோரா பயோசயின்சஸ் 2001இல் இன்னொரு நிறுவனத்துக்குள் கரைந்துபோனது. தன் சொந்தப் பெயரில் அது வாழ்ந்தது ஆறேழு ஆண்டுகள்தான்.

அந்தச் சில ஆண்டுகளில் அது கற்றுக்கொண்ட வித்தை ஒன்று. உயிருள்ள செல்களை விரல்நகத்தைவிடச் சிறிய குழிகளில் வளர்த்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு வேதிப்பொருளைச் சொட்டி, செல் என்ன பதில் சொல்கிறது என்பதை ஒளியாக வாசிப்பது. அதையும் மனிதக் கை படாமல், நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை செய்வது. தானியங்கிச் செல் சோதனை என்று இதைச் சொல்லலாம். அந்த வித்தையிலிருந்து கிளைத்த மருந்துகளை இன்று உலகெங்கும் பல்லாயிரம் பேர் காலையும் மாலையும் விழுங்குகிறார்கள்.

உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் இந்த மலரைப் புரட்டுவார்கள். நல்ல ரோபோ ஒன்று வாங்கிவிட்டால் மருந்து தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் ஆய்வுக்கூடங்களில் இன்றும் உண்டு. ஆரோராவின் வரவு செலவுக் கணக்கு அந்த நம்பிக்கைக்கு வேறு பதில் வைத்திருக்கிறது.

சாயம் செய்தவர்

ஆரோராவின் அறிவியல் மூலவர்களில் முதன்மையானவர் ரோஜர் சியென். 1952இல் நியூயார்க்கில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். 1989 முதல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஒளிரும் பச்சைப் புரதத்தை ஆய்வுக் கருவியாக்கியதற்காக 2008இல் ஒசாமு ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2016இல் மறைந்தார்.

நோபலுக்கு வெகு முன்பே அவரைப் புகழ்பெறச் செய்தவை சாயங்கள். செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதை அறிய, அதுவரை நுண்ணிய ஊசியைச் செல்லில் குத்த வேண்டியிருந்தது. கால்சியத்தைப் பிடித்ததும் ஒளிர்வு மாறும் சாயத்தைச் சியென் செய்தார். அதைச் செல்லுக்குள் செலுத்தச் செய்த உபாயம் இன்னும் அழகானது. சாயத்தின் மின்னேற்றத்தை எஸ்டர் என்ற வேதி உறையால் மூடிவிட்டார். உறையிட்ட சாயம் செல் சவ்வைக் கடந்து உள்ளே போகும். செல்லின் சொந்த நொதிகள் உறையைக் கத்தரிக்கும். உறை போனதும் சாயத்தால் வெளியே வர முடியாது. செல்லைக் காயப்படுத்தாமல் செல்லையே வேலைவாங்கிய இந்த முறை 1981இல் வெளியானது. கேம்பிரிட்ஜில் இந்த ஆய்வுகளில் உடனிருந்த டிமதி ரிங்க்தான் பிற்பாடு ஆரோராவின் தலைமை நிர்வாகியாக அமர்ந்தார்.

ஆரோராவின் கையிருப்பில் இருந்த சாயங்கள் இரண்டு வகை. 1998இல் வெளியான முதல் வகை, பாக்டீரியாக்கள் பெனிசிலினை அழிக்கப் பயன்படுத்தும் பீட்டா-லேக்டமேஸ் நொதியைத் துணைக்குக் கொண்டது. நீலம் ஒளிரும் மூலக்கூறையும் பச்சை ஒளிரும் மூலக்கூறையும் செஃபலோஸ்போரின் பாலம் ஒன்றால் இணைத்தார்கள். பாலம் முழுதாக இருந்தால், ஊதா ஒளி பட்ட நீல மூலக்கூறு தன் ஆற்றலைப் பச்சைக்குக் கொடுத்துவிடும். செல் பச்சையாகத் தெரியும். நாம் கவனிக்க விரும்பும் மரபணுவோடு அந்த நொதியின் மரபணுவைப் பிணைத்துவிட்டால், மரபணு விழிக்கும்போது நொதியும் பிறக்கும், பாலம் அறுபடும், செல் நீலமாகும். மனித செல்லில் இந்த நொதி இயல்பாக இல்லை என்பதால் பொய்யான நீலம் குறைவு. பச்சைக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதத்தையே வாசிப்பதால் ஒரு குழியில் செல்கள் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் விடை பெரிதாகப் பிசகாது. இரண்டாவது வகை செல் சவ்வின் மின்னழுத்தத்தைக் காட்டும் சாயம். இந்த வரலாற்றின் திருப்பம் அதில்தான் இருக்கிறது.

தட்டும் குழியும்

சாயம் இருந்தால் போதாது. அதை வைத்துச் சலிக்கச் சல்லடை வேண்டும். சோதனைக்கூடத்தில் எங்கும் காணும் 96 குழித் தட்டின் கதை ஹங்கேரியில் 1951இல் தொடங்குகிறது. அங்கே ஃப்ளூ சோதனைகளுக்குக் கண்ணாடிக் குழாய்கள் போதாமல் தவித்த ஜூலா தகாச்சி என்ற மருத்துவர், பிளாஸ்டிக் பலகையில் வரிசை வரிசையாகக் குழி குடைந்தார். பிறகு அதே அளவுள்ள தட்டில் 384 குழிகளும், 1,536 குழிகளும் வந்தன. ஆரோரா 3,456 குழிகள் கொண்ட தட்டைச் செய்தது.

எண்ணிக்கையில் என்ன லாபம் என்று கேட்கலாம். நாளொன்றுக்கு ஒரு லட்சம் வேதிப்பொருள்களைச் சோதிப்பது ஆரோராவின் குறிக்கோள். 96 குழித் தட்டில் செய்தால் ஆயிரத்துக்கு மேல் தட்டுகள் வேண்டும்; 3,456 குழித் தட்டில் 29 போதும். முன்னதில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் வீதம் நாளுக்குப் பத்து லிட்டர் செல் கரைசல் ஓடும். பின்னதில் குழிக்கு ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர்தான். மொத்தமும் ஒரு தம்ளரில் அடங்கும். விலையுயர்ந்த சாயத்தையும், மில்லிகிராம் கணக்கில் மட்டுமே கையிலிருக்கும் வேதிப்பொருளையும் வைத்து வேலை செய்பவருக்கு இதுதான் வாழ்வும் சாவும்.

ஆனால் குழி சிறுத்தால் தொல்லை பெருகும். ஒரு மைக்ரோலிட்டர் நீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவியாகும். தட்டின் ஓரக் குழிகள் நடுக்குழிகளைவிட முன்னதாக உலரும். அங்குள்ள செல்கள் வேறு பதில் சொல்லும். வேதிப்பொருள்களைக் கரைத்து வைக்கும் டி.எம்.எஸ்.ஓ. கரைப்பான் கொஞ்சம் கூடினால் செல்லே வாடும். ஆகவே இயந்திரத்தின் பெரும்பகுதி வேலை வீட்டுப் பராமரிப்பு போன்றது: 37 பாகை வெப்பம், ஈரப்பதம், 5 சதவீதக் கரியமில வாயு, நேரம் தவறாமல் சொட்டுவது, நேரம் தவறாமல் வாசிப்பது. ஒவ்வொரு தட்டிலும் பதில் நிச்சயம் தெரிந்த குழிகள் சிலவும், பதிலே வரக்கூடாத குழிகள் சிலவும் வைப்பார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையும், ஒவ்வொன்றின் சிதறலையும் வைத்து இசட்-பிரைம் என்ற மதிப்பெண் போடுவார்கள். 1999இல் ஜாங், சுங், ஓல்டன்பர்க் மூவரும் வகுத்த அளவுகோல் அது. ஒன்று வந்தால் முழு மதிப்பெண்; அரைக்குக் கீழே போனால் அந்தச் சோதனையை நம்பி லட்சம் பொருள்களைச் சலிக்கத் துறையில் பலரும் தயங்குவார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் உயிருள்ள செல்லிடம் போக வேண்டும்? பிரித்தெடுத்த புரதத்தைக் குழாயில் வைத்துச் சோதிப்பது எளிதுதான். ஆனால் அங்கே புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் பொருள் செல்லுக்குள் நுழையுமா, நுழைந்தால் செல்லைக் கொல்லுமா, ஒட்டியபின் வேலையை மாற்றுமா என்று தெரியாது. செல்லிடம் கேட்டால் மூன்றுக்கும் ஒருசேரப் பதில் கிடைக்கும். சவ்வில் பதிந்திருந்து உப்பை உள்ளும் புறமும் விடும் புரதங்களையோ செல்லைவிட்டுப் பிரித்து ஆராய்வதே கடினம்.

1997இல் ஆரோரா பங்குச் சந்தைக்கு வந்தது. பிரிஸ்டல்-மயர்ஸ் ஸ்குவிப், எலி லில்லி, மெர்க் போன்ற பெரிய மருந்து நிறுவனங்கள் அதன் வாடிக்கையாளர்களாயின. அன்று ஆரோராவைப் பார்த்தவர்கள் அதை இயந்திரக் கம்பெனி என்றே நினைத்திருப்பார்கள்.

மதகு திறக்கிறதா?

அந்தக் கம்பெனியின் கதவைத் தட்டியது ஒரு தொண்டு நிறுவனம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோர்கள் 1955இல் தொடங்கிய அறக்கட்டளை அது. அந்த நோயில் நுரையீரலில் சளி பசையாகக் கெட்டித்துத் தேங்கும்; கிருமிகள் குடியேறும்; கணையம் அடைபடும்; வியர்வை மிகையாக உப்புக் கரிக்கும். காரணமான மரபணுவை 1989இல் லாப்-சீ சுய், ஜான் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் கண்டுபிடித்தன. சி.எஃப்.டி.ஆர். என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதம் 1,480 அமினோ அமிலங்களால் ஆனது. செல் சவ்வில் குளோரைடைக் கடத்திவிடும் மதகு என்று அதைச் சொல்லலாம்.

மதகு கெட்டுப்போகும் விதங்கள் பல, இரண்டு முக்கியமானவை. 508ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் விடுபட்டால், புரதம் சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே சிதைக்கப்படும். மதகு கரைக்கே வந்து சேராது. அமெரிக்க நோயாளிகளில் பெரும்பாலானோரிடம் இருப்பது இதுதான். 551ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டால் மதகு கரைக்கு வந்து நிற்கும், ஆனால் திறக்காது. நோயாளிகளில் நூற்றுக்கு நான்கைந்து பேரிடம் இது உண்டு.

மரபணு தெரிந்து பத்தாண்டு ஆகியும் பெரிய மருந்து நிறுவனங்கள் கிட்டே வரவில்லை. அமெரிக்கா முழுவதும் நோயாளிகள் சுமார் 30,000 பேர்தான், சந்தை சிறிது. அறக்கட்டளையின் தலைவராக இருந்த ராபர்ட் பீல் நன்கொடைப் பணத்தை ஆரோராவில் போட முடிவு செய்தார். சிறு தொகையில் தொடங்கி, 2000இல் நான்கு கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தமாக அது வளர்ந்தது. தனியார் நிறுவனத்தின் ஆய்வுக்கு ஒரு தொண்டு நிறுவனம் இவ்வளவு கொடுப்பது அப்போது கேள்விப்படாதது.

இப்போது மின்னழுத்தச் சாயத்துக்கு வருவோம். இதில் இரண்டு மூலக்கூறுகள். ஒன்று கூமரின், செல் சவ்வின் வெளிப்புறத்தில் நங்கூரம் போட்டதுபோல் நிற்கும், நீலமாக ஒளிரும். இன்னொன்று ஆக்ஸனால்; எதிர் மின்னேற்றம் கொண்டது, சவ்வின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே தாவக்கூடியது. ஓய்வாக இருக்கும் செல்லின் உட்புறம் எதிர் மின்னேற்றத்தில் இருப்பதால் ஆக்ஸனால் வெளிப்புறத்தில், கூமரினுக்கு அருகிலேயே நிற்கும். அப்போது கூமரின் தன் ஆற்றலை அதற்குக் கொடுத்துவிட, செம்மஞ்சள் ஒளி தெரியும். செல்லைச் சுற்றி குளோரைடு இல்லாத கரைசலை ஊற்றினால், மதகு திறந்திருக்கும் செல்லிலிருந்து குளோரைடு வெளியேறும். உட்புறத்தின் எதிர் மின்னேற்றம் தணியும். ஆக்ஸனால் உள்ளே நகரும். கூமரின் தனித்து நீலமாக ஒளிரும். நீலம் கூடினால் மதகு திறந்தது என்று பொருள். ஆரோராவின் வைப்பர் என்ற வாசிப்பான் இந்த நிறமாற்றத்தைக் குழி குழியாகப் பதிவுசெய்தது.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் மனித மூளை தேவைப்பட்டது. 508இல் பழுதுள்ள மதகு கரைக்கே வராதபோது, அதைத் திறக்கும் மருந்தை எப்படித் தேடுவது? அந்தப் பழுதான புரதம் 27 பாகைக் குளிரில் ஓரளவு சரியாக மடிந்து சவ்வுக்கு வந்துவிடும் என்று 1992இலேயே தெரிந்திருந்தது. எனவே திறப்பானைத் தேடும் சோதனையில் செல்களை இரவெல்லாம் 27 பாகையில் வைத்தார்கள். மதகுகள் கரைக்கு வந்தன. மறுநாள் வேதிப்பொருளைச் சொட்டி, திறக்கிறதா என்று பார்த்தார்கள். கரைக்குக் கொண்டுவரும் மருந்தைத் தேடும் சோதனையிலோ செல்களை 37 பாகையிலேயே வைத்து, இரவெல்லாம் வேதிப்பொருளோடு ஊறவிட்டார்கள். அதே செல், அதே சாயம், அதே இயந்திரம். வெப்பத்தையும் நேரத்தையும் மாற்றியதில் இரண்டு வெவ்வேறு கேள்விகள் பிறந்தன.

திறப்பானுக்காகச் சலித்த வேதிப்பொருள்கள் சுமார் 2,28,000. சலித்ததில் தங்கியவற்றை ஆய்வுக்கூட மொழியில் ஹிட் என்பார்கள். ஹிட் எல்லாம் மருந்தாகிவிடாது. தானே ஒளிரும் பொருள் பொய்யான நீலம் காட்டும். சவ்வைக் கிழிக்கும் பொருளும் மதகு திறந்ததுபோல் நடிக்கும். ஆகவே நுரையீரல் மாற்று அறுவையில் அகற்றப்பட்ட நோயாளிகளின் சொந்த நுரையீரலிலிருந்து மூச்சுக்குழல் செல்களை வளர்த்து, அவற்றில் மறுபடியும் சோதித்தார்கள். சளியில் சிக்கி ஓய்ந்திருந்த செல்மயிர்கள் மருந்து பட்டதும் வேகமாக அசைந்தன. பால் நெகுலெஸ்கு, ஃபிரெட்ரிக் வான் கூர், சபீன் ஹடீடா போன்றோரின் உழைப்பில், ஹிட் ஒன்றை வேதியியல் முறையில் செதுக்கிச் செதுக்கி வந்த பொருளுக்கு விஎக்ஸ்-770 என்று பெயரிட்டார்கள். 2012 ஜனவரி 31 அன்று ஐவாகாஃப்டர் என்ற பெயரில் அது அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. 551இல் பழுதுள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், 24 வாரத்தில் மூச்சுத்திறன் அளவு போலி மருந்து பெற்றவர்களைவிடப் பத்துப் புள்ளிக்கு மேல் உயர்ந்தது. வியர்வையின் உப்பும் இறங்கியது. நோயின் அறிகுறியை மட்டும் தணிக்காமல் மதகையே திறந்த முதல் மருந்து அது.

வரவு செலவு

ஒப்புதல் வந்தபோது ஆரோரா என்ற பெயர் இல்லை. 2001இல் பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த வெர்டெக்ஸ், சுமார் 59 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அதை வாங்கியிருந்தது. இரண்டு ஆண்டுகளில், 2003இல், ஆரோராவின் சோதனைப் பொருள் வியாபாரத்தை, அதனோடு சேர்ந்த பான்வேரா நிறுவனத்தையும் சேர்த்து, சுமார் 9.5 கோடி டாலருக்கு இன்விட்ரோஜனிடம் விற்றுவிட்டது. சான் டியேகோவின் ஆய்வுக்குழுவையும் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியையும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

அதன் பிறகான கணக்கு இது. ஐவாகாஃப்டரைத் தொடர்ந்து 2015, 2018, 2019 ஆண்டுகளில் கூட்டு மருந்துகள் வந்தன. 2019இல் வந்த மூன்று மருந்துக் கூட்டான டிரிகாஃப்டா, 508இல் பழுதுள்ள பெரும்பான்மையினருக்குப் பயன்பட்டது. 2014இல் அறக்கட்டளை தன் உரிமைத்தொகைப் பங்கை 330 கோடி டாலருக்கு விற்றது. 2024இல் வெர்டெக்ஸின் ஆண்டு வருவாய் சுமார் 1,100 கோடி டாலர். அதில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரே நோய்க்கான மருந்துகளிலிருந்து. சோதனைப் பொருளுக்குக் கிடைத்த விலையையும் கேள்விக்குக் கிடைத்த விலையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

தானியங்கிச் செல் சோதனையில் பணம் வரும் வழிகள் மூன்று: கருவி விற்பது, சாயத்துக்கும் செல் வகைகளுக்கும் உரிமம் கொடுப்பது, அவற்றைக் கொண்டு தானே மருந்து தேடுவது. முதலிரண்டும் சீக்கிரம் வருவாய் தரும். போட்டியாளர்களும் சீக்கிரம் வருவார்கள். மூன்றாவதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பெரும்பாலான முயற்சிகள் தோற்கும். அந்தக் காத்திருப்பை ஆரோராவுக்கு வாங்கிக் கொடுத்தது பங்குச் சந்தை அல்ல. பெற்றோர்கள் திரட்டிய நன்கொடை.

நான்காவது வழி ஒன்றும் திறந்திருக்கிறது: செல் சோதனையே ஒப்புதலுக்குச் சான்றாவது. 2017 மே மாதம் அமெரிக்க மருந்து நிர்வாகம், அரிதான 23 மரபணு மாற்றங்கள் கொண்டவர்களுக்கும் ஐவாகாஃப்டரைத் தரலாம் என்று அனுமதித்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் உலகிலேயே சிலரே இருப்பதால் அவர்களை வைத்துத் தனி ஆய்வு நடத்த முடியாது. ஆய்வுக்கூடச் செல்களில் மதகு திறந்ததே முதன்மைச் சான்றாக ஏற்கப்பட்டது. 2022 இறுதியில் வந்த அமெரிக்கச் சட்டமும், புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையைத் தளர்த்தி, செல் சோதனைகளுக்கு இடம் கொடுத்தது. நோயாளியின் குடல் திசுவிலிருந்து வளர்த்த நுண்ணுறுப்பில் மருந்தைச் சோதித்துவிட்டு அவருக்கே கொடுக்கும் முறை நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வளர்ந்திருக்கிறது. சான் டியேகோவின் மின்னழுத்தச் சோதனை வழியில் ஆராயப்பட்ட இன்னொரு மருந்து, ஓபியாய்டு வகை சாராத வலி நிவாரணியான சுசெட்ரிஜின், 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. அதில் மதகு குளோரைடுக்கு உரியதன்று, நரம்பின் சோடியத்துக்கு உரியது. கேள்வி மாறியது, வித்தை அதே.

கணக்கில் எழுத வேண்டிய செலவுப் பக்கமும் உண்டு. ஐவாகாஃப்டர் வந்தபோது ஓராண்டுக்கான அறிவிப்பு விலை 2,94,000 டாலர். 2019இல் டிரிகாஃப்டா அதையும் தாண்டி 3,11,000 டாலரில் வந்தது. இந்தியாவிலும் இந்த நோய் இருக்கிறது. அடையாளம் காணப்படாமலே போகிறவர்கள் அதிகம். மலிவான மருந்துக்கு வழிசெய்யும் கட்டாய உரிமம் கேட்டு இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் நோயாளிகளின் குடும்பங்கள் 2023இல் அரசுகளின் கதவைத் தட்டின. நன்கொடையில் முளைத்த மருந்து நன்கொடை கொடுத்தவர்களைப் போன்ற எளியவர்களுக்கு எட்டாமல் நிற்பது இந்த வரலாற்றின் தீராத பாக்கி.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோபோக் கையையும் வாசிப்பானையும் இன்று விலைகொடுத்து வாங்கலாம். சில இடங்களில் வாடகைக்கும் கிடைக்கும். செல்லை ஓர் இரவு 27 பாகையில் வைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை எந்தப் பட்டியலிலும் விற்பனைக்கு இல்லை. உங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கருவி கேட்டு விண்ணப்பம் எழுதும் நாளில், அந்தக் கருவியிடம் கேட்கப்போகும் கேள்வியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். கருவியின் விலையை அடுத்த பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.